வன்னியில் காவல் யார்? கிராமத்து ஆவி நம்பிக்கையும் மிசனரிப் பணியும்

ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று விரியும் காட்டையும் வயலையும் வன்னி என்கிறோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மாரி மழையைக் குளத்தில் தேக்கி வைத்துத்தான் மீதி மாதங்களைக் கடத்த வேண்டும். அதனால் ஊர் என்றால் ஒரு குளம், அதன் கீழே வயல், சுற்றிவரக் காடு. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் என்று ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லும். குளக்கட்டு உடைந்தால் அந்த ஆண்டுச் சோறு போய்விடும். யானை இறங்கினால் வயல் போய்விடும். வரம்பில் புடையன் பாம்பு கிடந்தால் ஆள் போய்விடும். மாரி முடிந்ததும் காய்ச்சல் வரும், அது பிள்ளைகளைக் கொண்டுபோகும்.

இப்படியொரு இடத்தில் வாழ்ந்த மனிதர் முதலில் கேட்ட கேள்வி, "இங்கே காவல் யார்?" என்பதுதான். கிராமத்து ஆவி நம்பிக்கையைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் வேறொரு கேள்வியோடு வருகிறார்கள்: ஆவிகள் உண்டா, இல்லையா? அது நகரத்து வாசகசாலையில் எழும் கேள்வி. ஊருக்குள் அந்த இடம் யாருடைய பொறுப்பு, அவருக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன வரும் என்றே யோசித்தார்கள். கிறிஸ்தவ மிசனரிமார் வந்தபோது நடந்ததையும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும் என்பது என் எண்ணம். ஒருவர் மதம் மாறினார் என்றால் அவர் ஆவிகளை நம்புவதை விட்டுவிட்டார் என்று பொருளல்ல. பெரும்பாலும் அவர் தன் காவலை மாற்றிக்கொண்டார்.

முதலில் அந்தக் காவலர்கள் யார் என்று பார்ப்போம்.

குளக்கட்டில் இருப்பவர் ஐயனார் அல்லது பிள்ளையார். பெரிய கோபுரமெல்லாம் பழைய காலத்தில் கிடையாது. ஒரு மருதமரம் அல்லது பாலைமரம், அதன் கீழே ஒரு கல், விளக்கு வைக்க ஒரு மாடம். வான் பாயும் அளவுக்குக் குளம் நிறைந்தால் அவருக்குப் பொங்கல். விதைக்கமுன் அவரிடம் ஒரு சொல். வயலுக்குத் தண்ணீர் விடத் துருசைத் திறக்கும் நாளிலும் அவரை மறப்பதில்லை. ஐயனார் குளத்தையும் காட்டையும் காப்பவர். பிள்ளையார் யானைமுகத்தவர் என்பதால் யானை நடமாடும் வழியில் அவரைத் தவிர வேறு யாரை நம்புவது?

காட்டுப் பாதையில் போகிறவர் ஒரு குறிப்பிட்ட மரத்தடி வந்ததும் பச்சைக் கொப்பொன்றை முறித்து அங்கே போட்டுக் கும்பிட்டுவிட்டு நடப்பார். பூ இல்லை, கற்பூரம் இல்லை, ஐயர் இல்லை. கைக்கு எட்டிய கொப்புத்தான் காணிக்கை. "உன் எல்லைக்குள் வருகிறேன், என்னைப் பத்திரமாகப் போகவிடு" என்ற கோரிக்கை அதற்குள் அடங்கிவிடும். இன்று ஏ-9 வீதியில் ஓடும் பஸ்ஸும் லொறியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் அடித்துவிட்டுப் போவது அதே வழக்கத்தின் தொடர்ச்சி. சாரதி எந்தச் சமயத்தவர் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. கும்பிட்டவர்கள் கச்சான் பை ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். எல்லைத் தெய்வத்துக்கு மரியாதை செய்யாமல் அவருடைய எல்லையைக் கடக்கக்கூடாது என்ற நினைப்பு, கால்நடையாகப் போன காலத்திலிருந்து இன்றுவரை அறுந்துபோகவில்லை.

வைரவர் சூல வடிவில் மரத்தடியிலும் வளவு மூலையிலும் நிற்பார். நாய் அவருக்கு வாகனம், வடைமாலை அவருக்குப் பிரியம். காளிக்கும் சில இடங்களில் வைரவருக்கும் வேள்வி என்று கிடாயும் சேவலும் வெட்டும் வழக்கம் இருந்தது. பாம்புக்குப் பொறுப்பு நாகதம்பிரான். புளியங்குளத்தை அடுத்த புதூர் நாகதம்பிரான் கோயிலுக்குப் பொங்கல் நாளில் வன்னி முழுவதிலுமிருந்து சனம் வரும்.

எல்லோருக்கும் மேலே ஒரு தாய் இருக்கிறாள். வற்றாப்பளையில் நந்திக்கடலோரம் கோயில் கொண்ட கண்ணகி அம்மன். மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்த கண்ணகி, அங்கே மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாகத் தோன்றினாள் என்பது ஊர்க் கதை. விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று பிள்ளைகள் தயங்க, கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாளாம். ஏற்றினார்கள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாளாம். பார்த்தால் தலையெல்லாம் கண்கள். அதைக் கண்டு மிரண்ட பிள்ளைகள் ஊரைக் கூட்டி வருவதற்குள் கிழவி மறைந்துவிட்டாள். இன்றும் வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்பாகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பிறகே வற்றாப்பளையில் பொங்கல். அம்மை, சின்னமுத்து, கொப்புளிப்பான் எல்லாம் அம்மாள் வருத்தம். அது வந்த வீட்டில் வேப்பிலை கட்டி, மச்சம் மாமிசம் விலக்கி, நோயாளியை அம்மாளே வந்திருக்கிறாள் என்ற பயபக்தியோடு பார்ப்பார்கள். நோயைத் தருபவளும் அவள், எடுப்பவளும் அவள். இந்த இரட்டைத் தன்மையைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நன்மை மட்டும் செய்யும் கடவுள், தீமை மட்டும் செய்யும் பேய் என்ற பிரிவு இங்கே அவ்வளவு துல்லியமாக இல்லை.

காவலர்களுக்குக் கீழே, அஞ்ச வேண்டியவர்கள் வருகிறார்கள். பெரிய மரங்களில் முனி இருக்கும். "உச்சிப்பொழுதில அந்த மரத்தடியால போகாத மோனை, முனி அடிச்சுப்போடும்" என்று அம்மம்மாமார் சொல்வதைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை வன்னியில் குறைவு. காடேறி, எறிமாடன் என்று இன்னும் சிலர். பிள்ளைப்பேற்று வீட்டைத் தேடி வருவது கொத்தி. கொத்திக்குப் பயந்துதான் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள், ஒரு பாக்குவெட்டியோ கத்தியோ. கொத்தியை வீட்டைவிட்டு அனுப்பிவைக்கும் சடங்கு மருத்துவிச்சியின் வேலை. குளத்தில் தாண்டவர், கயிற்றில் தொங்கியவர், பிள்ளைப்பேற்றில் செத்தவள் போன்ற காலமல்லாத காலத்தில் போனவர்களின் ஆவியும் அலையும் என்று அஞ்சுவார்கள். இவற்றோடு, மனிதர் மனிதருக்கு ஏவிவிடும் செய்வினை, சூனியம் தனி வகை. கண்ணூறு, நாவூறு அதைவிடச் சிறியது, ஆனால் தினமும் வருவது.

விளைச்சலுக்கும் இந்த அச்சம் உண்டு. சூடடிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், 'பொலி' என்பார்கள். களத்தில் மட்டும் புழங்கும் சொற்கள் வேறும் உண்டு. நேரே பெயரைச் சொன்னால் பூதம் கேட்டு வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். ஆறு மாத உழைப்பு ஒரே குவியலாகக் கண்முன்னே கிடக்கும் அந்த இரவில் கமக்காரர் மனதில் ஓடும் பதைப்பை நினைத்தால் இந்த வழக்கத்தின் நியாயம் விளங்கும்.

ஒருவருக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? முதலில் பரிகாரியிடம் போவார்கள். கசாயமும் குளிகையும் பலிக்கவில்லை என்றால், இது வேறு ஏதோ என்ற சந்தேகம் வரும். கோயிலில் கலை வந்து ஆடுபவர் கட்டுச் சொல்லுவார்: இன்ன மரத்தடியில் இன்ன நேரம் போனாய், இன்னாருக்கு வைத்த நேர்த்தியை மறந்தாய் என்று. அதன்படி நூல் கட்டுவது, திருநீறு போடுவது, மந்திரத் தகடு அடைத்த அச்சரக்கூடு அணிவது, கழிப்புக் கழிப்பது. கழிப்பு என்றால் பிடித்திருப்பதற்கு வேண்டியதைப் படைத்து, அதை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது. இதில் மந்திரம் தெரிந்தவருக்கும் ஊருக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் ஒவ்வொரு பங்கு உண்டு. நோயாளி தனியே விடப்படுவதில்லை. தீராத நோயிலும் அந்த வீட்டுக்குச் சனம் வந்துபோகும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது பலர், முன்னோர் எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் தெரிந்துதான் ஆவிக்கதை சொன்னார்கள், பொழுதுபட்டபின் குளத்தடிக்குப் போகாதே என்றது நுளம்புக்காக என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர்கள் முனியைத்தான் அஞ்சினார்கள், முனியைத்தான் சொன்னார்கள். வன்னியின் காய்ச்சல் மலேரியா என்பதும், அது நுளம்பால் வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. வந்த மிசனரிமாருக்கும் தெரியாது. சதுப்புநிலத்துக் கெட்ட காற்றுத்தான் காய்ச்சலைத் தருகிறது என்றுதான் ஐரோப்பாவும் நம்பியது. மலேரியாக் கிருமியை நுளம்பின் உடலில் ரொனால்ட் ரோஸ் கண்டது 1897இல். இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். இவ்விரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், பல நூற்றாண்டுகளாக வன்னியில் பூசாரியும் பாதிரியாரும் ஒரே இருட்டில்தான் நின்றார்கள் என்பது தெரியும். அந்த இருட்டில் யாருடைய கை நோயாளியைப் பிடித்தது என்பதே ஊருக்குப் பெரிதாகப் பட்டது.

இனி மிசனரிமார்.

கிறிஸ்தவம் இந்தப் பக்கம் முதலில் தொட்டது மன்னார்க் கரையை. எதிரே தமிழகக் கரையில் முத்துக்குளித்த பரவர், தங்கள் கடலில் தமக்கு ஒரு பாதுகாப்பு வேண்டிப் போர்த்துக்கேயரை நாடி 1530களில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். அவர்களிடையே பணி செய்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தார்கள். அவர் தாம் வராமல் ஒரு குருவை அனுப்பினார். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் படையோடு வந்து, திருமுழுக்குப் பெற்றவர்களைக் கொன்றான். அறுநூறு, எழுநூறு பேர் என்கிறது திருச்சபை மரபு. மன்னாரில் தோட்டவெளியில் அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூருகிறார்கள். சங்கிலியின் சினத்துக்குக் காரணத்தைச் சமயத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. தன் குடிகள் இன்னொருவரின் காவலுக்குள் போய்விட்டார்கள் என்றே அவன் அதைப் பார்த்தான். அந்த இன்னொருவரிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தன. 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயர் பிடித்துக்கொண்டார்கள். கோயில்களை இடித்த காலம் அது. அந்த வலியைக் குறைத்துச் சொல்லும் எந்த வரலாறும் நேர்மையானதல்ல.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். புரட்டஸ்தாந்துகளான அவர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், அவர்களுக்கு இடம் கொடுப்பதைக் கடும் குற்றமாக்கினார்கள். நேற்றுவரை ஆட்சியின் சமயமாக இருந்தது ஒளித்துக் கும்பிடும் சமயமாயிற்று. அரசு கைவிட்ட பிறகுதான் கத்தோலிக்கம் வன்னிக் காட்டுக்குள் உண்மையாக வேர்விட்டது.

1670இல் மன்னாரை அடுத்த மாந்தையில் இருந்த இருபது குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இடம் மாறி, கடைசியில் மருதமடுவில் தங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டதாக மரபு. அந்த மருதமடுதான் மடு. வந்தவர்கள் கண்முன் இருந்தது எது? அதே யானை, அதே கரடி, அதே புடையன், அதே காய்ச்சல். பழைய ஊர்க்காரர் கேட்ட கேள்வியையே அவர்களும் கேட்டார்கள். பதில் மட்டும் மாறியது: காட்டுக்குள் எங்களுக்குக் காவல் மடுமாதா. மடு மண்ணை எடுத்துப் போய் வீட்டில் வைத்திருந்தால் பாம்பு அண்டாது, கடித்தாலும் விஷம் ஏறாது என்ற நம்பிக்கை அப்படி வளர்ந்தது. பேய் பிடித்தவர் என்று கருதப்பட்டவர்களையும் மடுவுக்குக் கூட்டி வந்தார்கள். நேர்த்தி வைத்தார்கள், நடந்து வந்து கூடாரம் போட்டுத் தங்கினார்கள். சைவரும் வந்தார்கள், சிங்களவரும் வந்தார்கள். கண்ணகியைத் தாயாகக் கொண்ட ஊர்களுக்கு இன்னொரு தாய் அந்நியமாகத் தெரியவில்லை.

(பாம்பு கடித்தால் இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது. மடு மண்ணும் நாகதம்பிரான் தீர்த்தமும் கூடவே போகலாம்.)

இந்தக் கட்டத்தில் வந்த மிசனரிமாரைப் பற்றி வன்னிக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அவர்கள் வெள்ளையர் இல்லை. கோவாவிலிருந்து வந்த இந்தியக் குருமார். அவர்களில் முதல்வர் யோசேப் வாஸ். 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் தங்கி, இரவில் பூசை வைத்தவர். அவருக்குப் பின்னால் கப்பலும் இல்லை, படையும் இல்லை. கண்டியில் 1697இல் பெரியம்மை பரவியபோது, பயந்து கைவிடப்பட்ட நோயாளிகளை அவர் தம் கையால் கழுவிப் பராமரித்தார். சாதியும் சமயமும் பார்க்கவில்லை. அவருடைய சபையைச் சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் 1705இல் வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். மிசனரிப் பணி என்றவுடன் துப்பாக்கியோடு வந்த மதம் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த ஒன்றரை நூற்றாண்டுக் கதையையும் படிக்க வேண்டும். யோசேப் வாஸை 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே அவர் மடுவுக்கு வந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டுப்பாடு தளர்ந்தது. 1847இல் பிரான்சிலிருந்து அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் வந்தார்கள். மடுவில் இன்றுள்ள பெரிய கோயிலுக்கு 1872இல் ஆயர் பொன்ஜீன் அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. ஆடித் திருவிழா இன்றும் அதே நாளில்.

புரட்டஸ்தாந்து மிசனரிமாரின் வழி வேறு. மெதடிஸ்தர் 1814இலும் அமெரிக்க மிசன் 1816இலும் சேர்ச் மிசன் 1818இலும் இலங்கையில் பணி தொடங்கினார்கள். அவர்களுடைய பலம் யாழ்ப்பாணக் குடாநாடு. வன்னியில் சனம் குறைவு, பாதை மோசம், காய்ச்சல் பொல்லாதது. ஆதலால் இங்கே அவர்களின் கால்தடம் மெல்லியது. ஆனால் அவர்களின் பார்வை ஆழமாகப் பதிந்தது. சுரூபம், நேர்த்தி, தீர்த்தம் எதையும் அவர்கள் ஏற்கவில்லை. கத்தோலிக்கர் செய்ததும் அவர்களுக்கு விக்கிரக வணக்கம்தான். ஐயனார், வைரவர், காளி, முனி, கொத்தி என்று ஊர் பிரித்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு 'பேய் வணக்கம்' என்று பெயர் எழுதினார்கள். குளத்தைக் காப்பவரும் பிள்ளைத்தாய்ச்சியைப் பிடிப்பதும் அவர்களுக்கு ஒன்றே. இது அவர்களின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். காவலரையும் காவலர் துரத்தும் பகையையும் ஒன்றென்று சொன்னவரின் பேச்சை ஊர் எப்படிக் கேட்கும்?

ஆனால் அவர்கள் இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள்: பள்ளிக்கூடமும் வைத்தியமும். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அது குடாநாட்டில் நடந்தாலும், அங்கே படித்த தலைமுறைகள் வாத்தியாராகவும் அப்போதிக்கரியாகவும் வடமாகாணம் எங்கும் பரவின. அம்மை குத்தும் ஊசியும் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையும் வந்தபின், அம்மாள் வருத்தத்துக்கும் காட்டுக் காய்ச்சலுக்கும் மறுமொழி சொல்ல இன்னொருவர் ஊருக்குள் வந்துவிட்டார். பிரசங்கம் அசைக்காத நம்பிக்கையைக் கொய்னா கொஞ்சம் அசைத்தது. அப்போதும் முழுதாக விடவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு நூலும் கட்டிக்கொண்டார்கள்.

கிராமத்துத் தெய்வங்களை எதிர்த்தவர்கள் மிசனரிமார் மட்டுமல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மிசன் பள்ளியில் படித்து, வேதாகம மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று, பின்னர் அதே மிசனரிமாருக்கு எதிராகச் சைவத்தைத் தூக்கி நிறுத்திய ஆறுமுக நாவலர், உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வணக்கத்தையும் கடுமையாகக் கண்டித்தார். கண்ணகி வழிபாட்டையும் அவர் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறி ஆகமக் கோயில்களாயின. வன்னியில் கண்ணகி கண்ணகியாகவே இருந்தாள். கிராமத்தின் சூலத்துக்கும் கல்லுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்தது: ஒருபக்கம் பைபிள், மறுபக்கம் ஆகமம். இன்று புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் மரத்தடிச் சூலங்கள் மண்டபமும் கோபுரமும் ஆகின்றன. மரம் வெட்டப்படும்போது அதோடு போவது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

ஊர்மட்டத்தில் கிறிஸ்தவம் ஆவி நம்பிக்கையோடு எப்படி வாழ்ந்தது? கத்தோலிக்க ஊர்களில் காவல் பொறுப்புகள் புனிதர்களிடம் போயின. கொள்ளைநோய் வந்தால் செபஸ்தியார். பொருள் தொலைந்தாலும் பேய்த் தொல்லை என்றாலும் அந்தோனியார். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளருக்குத் தாமும் ஒரு மீனவராக இருந்த இராயப்பர் (பேதுரு). நூல் கட்டிய கழுத்தில் மாதா பதக்கம் ஏறியது. கழிப்புக்குப் பதில் ஆசீர்வதித்த தண்ணீர். கமக்காரர் முதல் நெல்லைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். களத்தில் பொலியை மட்டும் பொலி என்றே சொன்னார்கள்.

செத்தவர் விடயத்தில் இந்த ஒட்டு இன்னும் தெளிவாகத் தெரியும். சைவ வீட்டில் எட்டுச்செலவுச் சடங்கு அன்று செத்தவர் விரும்பித் தின்றதைப் படைப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு ஆவி வீட்டைவிட்டுப் போகும். கத்தோலிக்க வீட்டிலும் முப்பத்தோராம் நாள் பூசை உண்டு, பந்தி உண்டு. உத்தரிக்கிற தலத்து ஆத்துமாக்களுக்காக நவம்பர் 2இல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். செத்தவருக்கு உயிரோடிருப்பவர் செய்ய வேண்டிய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது என்பதில் இரு வீட்டாருக்கும் மறுப்பில்லை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசையே தமிழுக்கு வந்தது. குத்துவிளக்கும் தைப்பொங்கலும் கோயிலுக்குள் வந்தன. முன்பு கண்டும் காணாமலும் விடப்பட்டதைத் திருச்சபையே கையில் எடுத்துக்கொண்டது.

பிறகு உள்நாட்டுப் போர். மடுவே பல்லாயிரம் பேருக்கு அடைக்கலமாக இருந்தது. 1999 நவம்பரில் அங்கே தஞ்சமடைந்திருந்தவர்கள் எறிகணைக்குப் பலியானார்கள். 2008 ஏப்ரலில் குருமார் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மன்னார்க் கரையோரத் தேவன்பிட்டிக்குப் போனார்கள். 1670இல் செய்ததையே மறுபடி செய்ய வேண்டி வந்தது. அம்மன் சிலைகளையும் வைரவர் சூலங்களையும் மண்ணில் புதைத்துவிட்டு இடம்பெயர்ந்த ஊர்களும் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களிடம், கிரியை செய்ய உடல் கிடைக்காத சாவுகள் எத்தனையோ இருந்தன. காலமல்லாத காலத்தில் போனவர் அலைவார் என்ற பழைய அச்சத்தை, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை இழந்த ஊரில் வைத்து நினைத்துப் பாருங்கள். பிள்ளை எங்கே என்றே தெரியாத தாய் அந்தியேட்டி செய்வதா விடுவதா? இந்தக் கேள்விக்குப் பூசாரியிடமும் போனார்கள், கத்தோலிக்கச் சுவாமியிடமும் போனார்கள்.

மீள்குடியேறிய ஊர்களில் பெந்தெகொஸ்தே வகைச் சிறு சபைகள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான். தகரக் கொட்டிலில் ஒரு பாஸ்டர், இருபது முப்பது கதிரை, ஒலிபெருக்கி. இவர்கள் ஆவி என்று ஒன்றும் இல்லை, எல்லாம் அறியாமை என்று சொல்வதில்லை. ஆவி உண்டு, அது பிசாசு, இயேசுவின் நாமத்தில் அதை இப்போதே துரத்துகிறோம் என்கிறார்கள். நோயாளியின் தலையில் கைவைத்து, ஆளைச் சுற்றி நின்று, அழுது ஜெபிக்கிறார்கள். கட்டுச் சொல்லும் பூசாரியிடம் போய்ப் பழகிய ஒருவருக்கு அந்த இடம் புரியாத இடமில்லை. போரில் கணவரை இழந்த பெண்ணுக்கு வாரம் தவறாமல் வந்து விசாரிக்க ஆள் கிடைக்கிறது. பதிலுக்கு அவர்கள் கேட்பது பெரிது: அச்சரக்கூட்டை அறுத்துப் போடு, வளவு மூலைச் சூலத்தைப் பிடுங்கு, ஊர்ப் பொங்கலுக்குக் காசு கொடாதே, படைத்த சோற்றைத் தின்னாதே. ஐயனார் ஊர் முழுவதற்கும் காவல் என்பதால், ஒரு வீடு பொங்கலுக்குப் பங்கு கொடுக்காமல் விட்டால் அதை ஒரு வீட்டின் சொந்த விருப்பமாக ஊர் எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் குளத்துக்கு ஏதும் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்கும். சண்டை வருவது அங்கேதான். சபைக்குப் போகும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு, அதை யாரும் மிரட்டிப் பறிக்கக்கூடாது. அதே அளவுக்கு, ஊர் கும்பிடும் கல்லைப் பிசாசு என்று ஒலிபெருக்கியில் ஏசுவதும் கூடாது.

இதைப் படித்துவிட்டு உங்கள் ஊரில் விசாரிக்க விரும்பினால், "உங்களுக்கு ஆவியில் நம்பிக்கை உண்டா?" என்று தொடங்காதீர்கள். வயதானவர்கள் சிரித்துவிட்டு, அதெல்லாம் அந்தக் காலம் என்று முடித்துவிடுவார்கள். குளக்கட்டில் யார் இருக்கிறார், எந்த மரம், முதல் பொங்கல் யார் வீட்டுப் பங்கு, காட்டு வழியில் கொப்புப் போடும் இடம் எது, கடைசியாக வேள்வி நடந்தது யார் காலத்தில், இடம்பெயரும்போது சூலத்தை எங்கே புதைத்தீர்கள் என்று கேளுங்கள். கத்தோலிக்க ஊரென்றால் சுரூபம் எங்கிருந்து வந்தது, எந்த நோய்க்கு எந்தப் புனிதருக்கு நேர்த்தி, மடுவுக்கு எந்தப் பாதையால் நடந்து போனீர்கள் என்று கேளுங்கள். திகதி போட்டு, சொன்னவரின் சொல்லிலேயே எழுதி வையுங்கள். மிசனரிமாரின் குறிப்புகளும் ஆட்சியாளரின் குறிப்புகளும் எங்கோ பத்திரமாக இருக்கின்றன. மரத்தடிப் பெயர்கள் பல, எண்பதைக் கடந்த சிலரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.